நீச்சல் குளம் உள்ள அபார்ட்மென்டில் வாடகைக்குப் போகலாமா? சேலத்து நிலவரம்

அழகாபுரம் பக்கம் இரண்டு வீடு பார்த்திருப்பதாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுக்கு வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 1,500. இன்னொன்று நீச்சல் குளம் உள்ள அபார்ட்மென்ட், வாடகை 22,500, மெயின்டனன்ஸ் 2,800. ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், குளம் இருந்தால் நீச்சல் கற்றுக்கொள்வார்கள் என்று ஆசை. ஆனால் போய்ப் பார்த்த அன்று குளத்தில் தண்ணீர் இல்லை, "கிளீனிங் நடக்குது" என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். மாதம் 5,800 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா என்பது கேள்வி, மெயின்டனன்ஸ் ஏன் கூடுதல் என்றும் கேட்டிருக்கிறீர்கள். உள்ளே குடிபோன பிறகு அந்தக் குளம் ஓடுமா, ஓடினாலும் பிள்ளைகளை நம்பி இறக்கலாமா என்பதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சேலத்திலும் ஏற்காட்டிலும் குளங்களுக்கு பம்ப், ஃபில்டர் பொருத்துவதும் அவற்றைப் பராமரிப்பதும் பல வருடமாக என் பிழைப்பு. ஆகவே தண்ணீர், மோட்டார், மருந்து பற்றிச் சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். வாடகைச் சட்டம் பற்றிப் பின்னால் சொல்வது அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து தெரிந்துகொண்டது. அட்வான்ஸ் தொகை பெரிதாக இருந்தால் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

முதலில் அந்தக் காலிக் குளத்தைப் பார்ப்போம். நன்றாக ஓடுகிற குளத்தைச் சுத்தம் செய்யத் தண்ணீரை இறக்க வேண்டியதில்லை. அடியில் படிந்த அழுக்கை, தண்ணீர் இருக்கும்போதே நீளக் கம்பில் மாட்டிய வேக்குவம் தலையால் உறிஞ்சி எடுப்பதுதான் வழக்கமான வேலை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முழுக் குளத்தையும் காலி செய்திருந்தால் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். டைல் பெயர்ந்திருக்கும், எங்கோ கசிவு இருக்கும், உப்புப் படிந்து ஆசிட் போட்டுக் கழுவ வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் நிரப்பத் தண்ணீர் இல்லை. முதல் மூன்றும் சரிசெய்யக்கூடியவை. நான்காவதுதான் சேலத்தில் அடிக்கடி நடப்பது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வேலை நடக்கிற குளம் என்றால் உள்ளே ஏணி, பிரஷ், சிமென்ட் கறை, ஆள் நடந்த தடம் ஏதாவது தெரியும். அடியில் காய்ந்த இலை, மூலையில் மண், டைல் இடுக்கில் புல் முளைத்திருந்தால் அது ஒரு வாரக் கிளீனிங் அல்ல. மழைத் தண்ணீர் ஓரத்தில் தேங்கிப் பச்சை பிடித்திருந்தால் இன்னும் மோசம். டெங்கு கொசு முட்டையிட அந்த மாதிரி இடம் போதும், குளமே பயன்படாத வீட்டில் கொசுக்கடியும் கூடுதலாகக் கிடைக்கும்.

தண்ணீர்க் கணக்கைச் சொன்னால் ஏன் இப்படி என்று புரியும். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 86,000 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரியில் ஏழு லோடுக்கு மேல். நிரப்பியதோடு முடியவில்லை. ஏப்ரல், மே வெயிலில் ஒரு நாளைக்கு ஆறேழு மில்லிமீட்டர் ஆவியாகும், அந்த அளவுக் குளத்தில் அது தினம் 450, 500 லிட்டர். ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவுகிற பேக்வாஷுக்கும், பிள்ளைகள் குதித்துத் தெறிப்பதற்கும் தனியாகப் போகும். கோடையில் மாதம் ஒன்றரை, இரண்டு லோடாவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் எல்லா வார்டிலும் தினம் வருவதில்லை, வருவதைச் சமையலுக்குப் பிடித்து வைக்கிறோம். அதைக் குளத்தில் விட எந்த அசோசியேஷனும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. ஆகவே போர்த் தண்ணீர்தான். கோடையில் போர் இறங்கும்போது குளத்துக்குத்தான் முதல் வெட்டு விழும். பள்ளி விடுமுறையில், பிள்ளைகளுக்குக் குளம் தேவைப்படுகிற அதே இரண்டு மாதம் அது பூட்டிக் கிடக்கும். மூக்கனேரியில் தண்ணீர் நிற்கிற வருடம் கன்னங்குறிச்சிப் பக்கம் போர்கள் கொஞ்சம் தாங்குவதைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி இது தெருவுக்குத் தெரு மாறும், பேட்டை பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அதனால் வீட்டுக்காரரிடமும் புரோக்கரிடமும் கேட்பதை விட, சாயங்காலம் பார்க்கிங்கில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகளிடம் கேளுங்கள். "போன மே மாசம் குளத்துல குளிச்சீங்களா?" ஒரே கேள்வி. எத்தனை நாள் திறந்திருந்தது, யார் விரட்டினார்கள், எப்போது பச்சையாக மாறியது என்று எல்லாம் வந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் அந்தப் போர்த் தண்ணீரின் உப்பு. மேக்னசைட் என்ற தாதுவின் பெயரில் ரயில் நிலையமே இருக்கிற ஊர் இது. பாறை அப்படி என்பதால் பல இடங்களில் தண்ணீரின் கடினத்தன்மை அதிகம். குளத்தில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மேலே மேலே உப்புத் தண்ணீரையே ஊற்றினால் மாதத்துக்கு மாதம் அது கூடிக்கொண்டே போகும். தண்ணீர் லேசாகப் பால் கலந்த மாதிரி தெரியும், நீர்மட்டத்து டைலில் வெள்ளையாகப் படியும், ஃபில்டரில் உள்ள மணல் கட்டி தட்டும். இதற்கு மருந்து கிடையாது. ஒரு பகுதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி, அதற்கும் மறுபடி லாரி. காலிக் குளத்திலும் இதைப் பார்க்கலாம். மேல் வரிசை டைலில் நகத்தால் கீறிப் பாருங்கள். சொரசொரப்பாக வெள்ளைத் தோல் உரிந்தால் அந்தக் குளத்தின் தண்ணீரை நெடுநாளாக யாரும் கவனிக்கவில்லை. (ஏற்காட்டில் வேறு கதை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிரும் மழையும் இலையும்தான் பிரச்சினை, சூடாக்காத குளத்தில் விருந்தாளிகள் காலை மட்டும் நனைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.)

குளத்தைச் சுற்றிப் பார்ப்பதில் பாதி நேரம் செலவழித்தால், மீதிப் பாதியை பம்ப் ரூமில் செலவழியுங்கள். சாவி இல்லை என்பார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். உள்ளே போனால், பெரிய பானை மாதிரி நிற்பது மணல் ஃபில்டர். அதன் தலையில் ஒரு வால்வு கைப்பிடியும் சின்னதாக ஒரு பிரஷர் கேஜும் இருக்கும். கேஜ் கண்ணாடி உடைந்து முள் பூஜ்ஜியத்தில் ஒட்டிக் கிடந்தால், எப்போது பேக்வாஷ் செய்ய வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது என்று அர்த்தம். ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது காட்டிய அளவை விட அழுத்தம் அரை பார் (கேஜில் உள்ள அழுத்த அலகு) வரை ஏறினால் கழுவ வேண்டும், அதைச் சொல்கிற ஒரே கருவி அந்தக் கேஜ். நல்ல ஆள் பார்க்கிற இடத்தில் சுவரில் ஒரு நோட்டுத் தொங்கும். தேதி, குளோரின், பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு), பேக்வாஷ் நேரம் என்று நான்கு பத்தி. நோட்டில் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் முப்பது நாளும் ஒரே எண் எழுதியிருந்தால் சிரித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். குளோரின் தினம் தினம் மாறும், மாறாத எண் அளந்த எண் அல்ல.

அங்கேயே மருந்து டப்பாக்களையும் பாருங்கள். டிசிசிஏ எனப்படும் குளோரின் குருணையும் சாதாரண பிளீச்சிங் பவுடரும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து கிடந்தால், ஒரே குவளையால் இரண்டையும் அள்ளினால், அது ஆபத்து. இரண்டும் குளோரின்தான் என்று நினைத்துக் கலக்கிவிடுவார்கள். கலந்தால் விஷவாயு வரும், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருந்தால் சொல்லவே வேண்டாம், பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டாலே குளோரின் வாயு கிளம்பும். இதெல்லாம் பெரும்பாலும் உங்கள் கார் நிற்கும் பேஸ்மென்டில் இருக்கிற அறை என்பதால் நீச்சல் தெரியாதவருக்கும் இது பொருந்தும்.

மின்சாரச் செலவையும் சொல்லிவிடுகிறேன், மெயின்டனன்ஸ் ஏன் கூடுதல் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் ஒன்பது யூனிட். குளத்து மோட்டார் அபார்ட்மென்டின் பொது இணைப்பில் ஓடுகிறது, வீட்டு இணைப்புக்குக் கிடைக்கிற இலவச யூனிட் அதற்கு இல்லை, யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது. மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் கரண்டுக்கு மட்டும். அதோடு மருந்து, ஆள் சம்பளம், லாரித் தண்ணீர். நூறு வீடு இருக்கிற இடத்தில் இது பெரிய தொகை இல்லை. இருபது வீட்டுக்காரர்கள் தாங்குகிற இடத்தில் ஐந்து பேர் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தாலே செயலாளர் முதலில் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைப்பார், அப்புறம் ஆளை நிறுத்துவார். ஆகவே எத்தனை வீடு, அதில் எத்தனை குடியிருக்கிறது, கட்டிய பில்டர் இன்னும் பராமரிக்கிறாரா அல்லது அசோசியேஷனிடம் ஒப்படைத்துவிட்டாரா என்று கேளுங்கள். பில்டர் கையில் இருக்கும் வரை, விற்காத வீடுகளைக் காட்டுவதற்காகவாவது குளம் பளபளப்பாக இருக்கும். கைமாறிய முதல் கோடையில்தான் உண்மை தெரியும்.

தண்ணீர் நிரப்பிய பிறகு ஒரு முறை போய்ப் பாருங்கள், அதற்கு முன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆழமான பக்கத்தில் நின்று அடியில் இருக்கிற வடிகாலின் சல்லடை மூடி தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. நோய் ஒருபுறம் இருக்கட்டும், மூழ்கிக் கிடக்கிற குழந்தை மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அந்த மூடி உடையாமல் திருகு போட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். உடைந்திருந்தால் மோட்டார் ஓடும்போது முடியையோ கையையோ இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பெரியவர் இழுத்தாலும் வராது. அடுத்தது மூக்கு. கண் எரிகிற அளவுக்குக் குளோரின் நெடி அடித்தால் மருந்து அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த நெடி வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செலவழிந்துபோன குளோரினுடையது. பெரும்பாலும் அங்கே தேவைப்படுவது இன்னும் கொஞ்சம் குளோரின்தான். கிருமியைக் கொல்லும் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்), பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருந்தால் நல்ல குளம். சோதனைக் கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சளாக மாறும் ஓடிஓ கிட் செலவழிந்த குளோரினையும் சேர்த்துக் காட்டும், இளஞ்சிவப்பாகும் டிபிடி கிட்தான் சரி. வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் சாயங்காலம் குளிக்கப் போகும் முன்பு பாருங்கள், காலையில் காட்டும் எண்ணை நம்பி மாலையில் இறக்கக் கூடாது.

கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிய செய்திகளைப் படித்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். அது வெதுவெதுப்பான, மருந்து போடாத நன்னீரில் வாழ்வது, மூக்கு வழியாக நுழைவது. குளோரின் அளவு விடாமல் இருக்கிற குளத்தில் பிழைக்காது. நீங்கள் பயப்பட வேண்டியது கோடையில் மோட்டாரை நிறுத்திவிட்டு "தண்ணி இருக்கில்ல, குளிங்க" என்று விட்டுவிடுகிற குளத்தைப் பற்றி. குளோரினுக்கு எளிதில் சாகாத கிருமிகளும் உண்டு, வயிற்றுப்போக்கைக் கொண்டுவருபவை. ஆகவே வயிறு சரியில்லாத பிள்ளை குணமான பிறகும் இரண்டு வாரம் இறங்காமல் இருப்பது நல்லது. கண்ணால் பார்த்தோ கிட்டில் அளந்தோ இவை இருக்கின்றனவா என்று சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் எண்ணெய். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, சீயக்காய் போடும் முன் பிள்ளைகளை ஒரு ஆட்டம் போடக் குளத்துக்கு அனுப்புகிற வீடுகள் இருக்கின்றன. ஞாயிறு காலையில் நீர்மட்டத்தில் சுற்றிலும் விரலால் வழிக்கிற மாதிரி பழுப்புப் பிசுக்கு நிற்கும், ஃபில்டர் மணல் உருண்டை உருண்டையாகச் சேர்ந்துவிடும், போட்ட குளோரின் எல்லாம் எண்ணெயோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். லுங்கி, நைட்டி, காட்டன் டீஷர்ட்டோடு இறங்குவதும் அப்படியே, நூல் பிசிறு பம்ப் வலையை அடைக்கும். இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளிக்க ஷவர் இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பாருங்கள். ஷவர் வேலை செய்யாத குளத்தில் விதிப்பலகை மட்டும் இருந்து பயன் இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் என் நிலை கறார். குளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் குறைந்தது நான்கடி வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, ஆழக் குறி, கைக்கு எட்டுகிற இடத்தில் மிதவை வளையம், இவை இல்லாத குளம் உங்கள் ஆறு வயதுப் பிள்ளைக்கு வசதி அல்ல, அபாயம். காவலாளிக்கு நீச்சல் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள், கேட்டுப் பாருங்கள். குழந்தை மூழ்கும்போது சினிமாவில் வருவது போல் கத்தாது, சத்தமே இல்லாமல் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பெரியவர் ஒருவர் போனைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் விளக்கு இருந்தால் அது 12 வோல்ட்தானா, குளத்து இணைப்புக்குத் தனியாக, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரானால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்கச் சொல்லுங்கள்.

மொட்டைமாடியில் குளம் என்றால் அதற்குக் கீழுள்ள மாடியில் வீடு எடுக்காதீர்கள். 1.2 மீட்டர் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 1.2 டன் எடை. கட்டடம் அதைத் தாங்கும்படி கட்டியிருப்பார்கள், நான் பயப்படுவது கசிவுக்கு. கூரையில் புதுப் பெயின்ட் திட்டாக அடித்திருந்தாலோ, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ காரணம் மேலேதான்.

இனி ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. அந்த "வேறு மாதிரி"யை வைத்துத்தான் ஊரில் அதற்கு மேலும் கேட்கிறார்கள், பேசிக் குறைக்க இடம் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு போன்ற அத்தியாவசிய சேவைகளை வீட்டுக்காரர் நிறுத்த முடியாது. நீச்சல் குளம் அந்த வரிசையில் சேராது. எனவே எழுதிக்கொண்டால்தான் உண்டு. குளத்தை வாடகைதாரர் குடும்பம் தனிக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அசோசியேஷன் கடிதம் ஒன்று வாங்குங்கள், வீட்டுக்காரருக்கு மட்டும்தான் குளம் என்று விதி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அப்புறம் ஒப்பந்தத்தில் ஒரு வரி: குளம் தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் மூடியிருந்தால் திறக்கும் வரை வாடகையில் மாதம் 3,000 ரூபாய் கழித்துக்கொள்ளப்படும். 3,000 என்பது என் யோசனை, 2,500-க்குச் சம்மதித்தாலும் சரிதான். வீட்டுக்காரர் இந்த வரிக்கு எவ்வளவு மல்லுக்கட்டுகிறார் என்பதிலேயே குளத்தின் வரலாறு தெரிந்துவிடும்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். மாதம் 5,800 என்றால் வருடத்துக்கு 69,600. சேலத்தில் மனமாரக் குளத்தில் இறங்குகிற காலம் மார்ச் முதல் ஜூன் வரை. மழைக்காலத்திலும் மார்கழிக் காலையிலும் பிள்ளைகளே வர மாட்டார்கள். அதாவது நான்கு மாத உபயோகத்துக்குத்தான் அவ்வளவும். பிள்ளைகள் நீச்சல் கற்க வேண்டும் என்பதுதான் முக்கியம் என்றால், கோடையில் பயிற்சியாளரோடு நடக்கும் கட்டண வகுப்பில் இருவரையும் சேர்த்தால் இதில் ஒரு பங்குதான் ஆகும், அபார்ட்மென்ட் குளத்தில் சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த அபார்ட்மென்டுக்குப் பத்து நாள் கழித்து, சொல்லாமல், ஒரு ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குப் போவேன். தண்ணீர் நிரம்பி, அடி தெரிந்து, பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தால் 20,500-க்குக் கேட்டுப் பேசுவேன். அப்போதும் "கிளீனிங்" என்றால் அந்த 18,000 வீட்டுக்காரருக்குப் போன் போடுவேன்.